ஒரு கிராம் எட்டுக் கிலோவாகும் இடம்

களை வெட்டும் இயந்திரத்தின் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நரம்பை, இயந்திரம் ஓடாதபோது விரலால் வளைத்துப் பார்க்கலாம். தூண்டில் நரம்பைவிடச் சற்றுத் தடித்தது. இழுத்த இழுப்புக்கு வளையும். தோலைக் கீறும் வலுவும் அதற்கு இல்லை. அதே நரம்பு, இயந்திரம் முடுக்கப்பட்ட சில நொடிகளில் கோரையை அறுக்கிறது, பார்த்தீனியத் தண்டை முறிக்கிறது, பக்கத்தில் நிற்கும் மரக்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்து அதைச் சாகடிக்கவும் செய்கிறது. நரம்பு அதே நரம்புதான். கூடியது அதன் வேகம். அந்த வேகம் எவ்வளவு என்பதைச் சரியாக மனத்தில் வாங்கிக்கொண்டால், இந்தக் கருவியோடு பழகுவது குறித்து நாம் வைத்திருக்கும் சில நம்பிக்கைகளைக் கைவிட வேண்டியிருக்கும். அவற்றில் முதலாவது, “பார்த்துப் பதமாக வேலை செய்தால் ஒன்றும் ஆகாது” என்பது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பொருந்தும் இந்த அறிவுரை இந்த இயந்திரத்துக்குப் போதாது. இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு செலுத்தும் கவனம் நம்மைக் காப்பாற்றுவதற்கு மிகவும் தாமதமாக வந்து சேர்கிறது. காப்பு முழுவதும் அதற்கு முன்பே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இதுவே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து.

கருவியின் பிறப்பிலேயே மென்மையை நாடிய எண்ணம் இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லஸ், மரங்களின் அடியில் வளரும் புல்லைப் பட்டைக்குச் சேதமில்லாமல் வெட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகள், வண்டியின் வண்ணப்பூச்சைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் அடித்து நீக்குவதைக் கண்டபோது அவருக்கு யோசனை பிறந்தது. 1971-இல் ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, சுழலும் கருவியொன்றில் பொருத்தி அவர் செய்து பார்த்த அமைப்பே ‘வீட் ஈட்டர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1977-இல் அந்த நிறுவனத்தை எமர்சன் எலக்ட்ரிக் வாங்கியது. நரம்புத் தலைக்குப் பதிலாக இரும்பு பிளேடு பூட்டி, நீண்ட தண்டும் தோள் பெல்ட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினும் சேர்த்தால் அது பிரஷ் கட்டர். தென்னந்தோப்பு, வயல் வரப்பு, தேயிலைத் தோட்டம், சாலையோரம், பள்ளி மைதானம் எனத் தமிழ்நாட்டில் இன்று அது இல்லாத இடம் குறைவு. ஆள் கிடைக்காத காலத்தில், குனிந்த முதுகோடு நாள் முழுக்கச் செய்த வேலையை நிமிர்ந்து நின்று சில மணி நேரத்தில் முடிக்க அது உதவுகிறது. அதன் பயனை யாரும் மறுக்க முடியாது. மறுப்பதும் இங்கே நோக்கமில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சுழலும் தலையின் நடுவிலிருந்து நரம்பின் நுனி வரை 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வேலை நடக்கும்போது நிமிடத்துக்கு 6,000 சுற்று என்பது மிகைப்படுத்திய மதிப்பு அல்ல. அப்படியானால் நொடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றில் நுனி கடக்கும் தூரம் ஏறத்தாழ 1.26 மீட்டர். ஆக, நுனியின் வேகம் நொடிக்கு 126 மீட்டர், அதாவது மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல். 255 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு பிளேடு நிமிடத்துக்கு 7,000 முறை சுற்றினால் அதன் பல்லின் வேகம் நொடிக்கு 93 மீட்டர், மணிக்கு சுமார் 335 கிலோமீட்டர். உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்கள் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடுவதற்குப் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். அரிவாளுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. அரிவாளின் ஆற்றல் அதைப் பிடித்த கையிலிருந்து வருகிறது. கை தயங்கினால் அரிவாளும் தயங்கும், கை நின்றால் அதுவும் நிற்கும். இயந்திரத்தின் ஆற்றல் இன்ஜினிலிருந்து வருகிறது. அதைப் பிடித்திருப்பவரின் தயக்கம் அந்தச் சுழற்சியை எட்டுவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

எவ்வளவு நேரத்தில் நடந்து முடியும் என்பதையும் எண்ணால் சொல்லலாம். பிளேடில் பட்ட ஒரு சிறு கல், பல்லின் வேகம் முழுவதையும் பெறாமல் நொடிக்கு 80 மீட்டர் வேகம் மட்டுமே பெற்றதாக வைத்துக்கொள்வோம். வெட்டும் தலைக்கும் வேலை செய்பவரின் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 2 மீட்டர். அந்தக் கல் கண்ணை எட்ட ஆகும் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு எதிரே ஏதோ வருகிறது என்று உணர்ந்து இமை மூடுவதற்கே நொடியில் பத்தில் ஒரு பங்காவது தேவை. அதாவது இமை அசையத் தொடங்கும் முன்பே கல் வந்து சேர்ந்துவிடும். பிளேடு எதிலாவது மாட்டிக் கருவி எகிறும்போதும் இதே நிலைமைதான். எதிர்பாராத அதிர்ச்சிக்குக் கை பதில் கொடுக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் என்று கொண்டால், அதற்குள் பிளேடு 23 முறை சுற்றிவிடும். எவ்வளவு தேர்ந்த தொழிலாளியாக இருந்தாலும் அவருடைய நரம்பு மண்டலம் மற்ற எல்லோருடையதையும் போன்றதே. அனுபவம் கல் இருக்கக்கூடிய இடத்தை ஊகிக்கக் கற்றுக்கொடுக்கும். பறந்து வரும் கல்லைத் தவிர்க்கக் கற்றுக்கொடுக்காது.

பறப்பவை கற்கள் மட்டுமல்ல. உடைந்த பாட்டில், துருப்பிடித்த ஆணி, முள்வேலிக் கம்பியின் துண்டு, நரம்பின் நுனியே கூடப் பறக்கும். 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பில் 3 சென்டிமீட்டர் ஒடிந்து பறந்தால் அதன் எடை 0.15 கிராம் அளவே. நுனியின் வேகத்தில் பறந்தால் அதன் ஆற்றல் சுமார் 1.2 ஜூல். நரம்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது என்பதற்காகச் சிலர் ஜி.ஐ. கம்பியையோ பழைய பிரேக் வயரையோ மாட்டுகிறார்கள். அதே தடிமனும் நீளமும் உள்ள இரும்புக் கம்பித் துண்டின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதே வேகத்தில் அதன் ஆற்றல் 8 ஜூலைத் தாண்டும். இந்த எண்களை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பாவின் ஈ.என். 166 தரம், கண் காப்புகளை 0.86 கிராம் எடையுள்ள சிறிய எஃகு உருண்டையால் அடித்துச் சோதிக்கிறது. ‘எஃப்’ குறி பெறும் கண்ணாடி, நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் உருண்டையைத் தாங்க வேண்டும்; அதன் ஆற்றல் 0.9 ஜூலுக்குள். ‘பி’ குறிக்கு 120 மீட்டர் வேகம், சுமார் 6 ஜூல். காதில் மாட்டும் சாதாரண வடிவப் பாதுகாப்புக் கண்ணாடிகள் ‘எஃப்’ நிலைக்கு மேல் போக முடியாது. ‘பி’ நிலை, முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸுக்கும் முகக்கவசத்துக்கும் உரியது. நைலான் துண்டே ‘எஃப்’ நிலையைக் கடந்துவிட வாய்ப்புண்டு என்றால், கம்பித் துண்டு ‘பி’ நிலையையும் கடந்துவிடுகிறது. சாதாரணக் குளிர்கண்ணாடி இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வராது. உடைந்தால் அதன் சில்லுகளும் கண்ணுக்குள்தான் போகும்.

கம்பி ஏன் ஒடிகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. வட்டத்தில் சுழலும் பொருள் வெளியே ஓடிவிடாமல் இருக்க, அதை நடுவை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட ஆரத்திலும் வேகத்திலும் அந்த விசை, பொருளின் எடையைப் போல ஏறத்தாழ 8,000 மடங்கு. நுனியில் உள்ள ஒரு கிராமைப் பிடித்து வைக்க, எட்டுக் கிலோவைத் தூக்கும் அளவு இழுவை தேவை. அந்த இழுவையோடு, ஒவ்வொரு சுற்றிலும் தண்டிலும் கல்லிலும் மோதி வளைந்து நிமிரும்போது கம்பி ஒரே இடத்தில் களைத்துப் போகிறது. கையால் பலமுறை மடக்கி ஒடிக்கும் கம்பிக்கு நேர்வது, இங்கே நொடிக்கு நூறு முறை நேர்கிறது. நைலானின் தேய்மானத்தைக் குறையாக நினைப்பது தவறு. தான் தேய்ந்து, அடியின் ஆற்றலைத் தானே வாங்கிக்கொள்வதுதான் அதன் காப்பு. இதே இயற்பியல் சங்கிலித் தலைகளுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். பத்துக் கிராம் எடையுள்ள ஒரு சங்கிலிக் கண்ணி நுனியில் இருந்தால் அதன் இணைப்பு 80 கிலோ இழுவையை ஓயாமல் தாங்க வேண்டும். கண்ணி கழன்று பறந்ததால் பிரிட்டனில் நேர்ந்த ஒரு மரணத்தைத் தொடர்ந்து இந்த வகைத் தலைகள் ஆய்வுக்கு உள்ளாயின. இணைக்கப்பட்ட பல உலோகத் துண்டுகளால் ஆன வெட்டும் தலைகளைச் சந்தைக்கு விடுவதை 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் தடை செய்தது. அந்தக் கருவியைப் பிடித்தவர்கள் அதிகக் கவனமாக இருந்திருந்தாலும் கண்ணியின் உலோகக் களைப்பு குறைந்திருக்காது. விரிசல் விட்ட பிளேடை வெல்டு வைத்து ஓட்டுவதும், வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டுவதும் இதே வகைத் தவறு. வெல்டின் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். வெளியே ஒட்டினாற்போல் தெரிவது உள்ளே பலவீனமாகியிருக்கும்.

மனித உடலில் இந்த ஆற்றலுக்கு மிக எளிதில் இரையாவது கண். நம் நாட்டில் இதற்குக் கூடுதலான ஒரு காரணமும் உண்டு. கண்ணில் படுவது கூரான இரும்பாக இருக்க வேண்டியதில்லை. ஒரு புல் சருகு கருவிழியில் மெல்லிய கீறலை உண்டாக்கினாலே போதும், பூஞ்சைக்கு வழி கிடைத்துவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996-இல் வெளியான கணக்கீடு சொன்னது; அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்துக்குக் கணக்கிடப்பட்ட அளவைப் போல இது பத்து மடங்கு. இந்த ஆய்வுகள் களை வெட்டும் இயந்திரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் நெல் உமியும் மண்ணும் செடித் துணுக்கும் சும்மா கண்ணில் பட்டே இவ்வளவு சேதம் நேரும் ஒரு நிலப்பகுதியில், அதே துணுக்குகளை மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வாரி இறைக்கும் கருவியைத் திறந்த கண்ணோடு இயக்குவது என்ன பொருள் தரும் என்று யோசிக்க வேண்டும்.

அடிபட்ட பிறகு செய்யும் தவறுகள் சேதத்தைப் பெருக்குகின்றன. கண்ணைக் கசக்குவது, நாக்கால் துழாவித் தூசியை எடுப்பது, தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை ஊற்றுவது ஆகிய எல்லாமே ஆபத்து. ஸ்டீராய்டு எரிச்சலை அடக்கிக் குணமாவது போலக் காட்டும். அடியில் பூஞ்சை தடையின்றிப் பரவும். இரும்பு பிளேடு பூட்டி வேலை செய்யும்போது கண்ணில் சுருக்கென்று ஏதோ பட்ட உணர்வு இருந்து, வலி பெரிதாக இல்லாமல் பார்வையும் தெளிவாக இருந்தால்கூட மருத்துவரிடம் போக வேண்டும். மிகச் சிறிய இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போய் அடங்கியிருக்கலாம். நாளடைவில் அந்த இரும்பே விழித்திரைக்கு நஞ்சாகும். கண்ணை அழுத்தாமல், எதையும் பிடுங்காமல், ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடியது போல மறைப்பு வைத்து அன்றைக்கே கண் மருத்துவரிடம் சென்று, “இரும்பு பிளேடில் வேலை செய்துகொண்டிருந்தேன்” என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனை தேவை என்பதைத் தீர்மானிக்கும்.

கண்ணுக்கு அடுத்து, கருவி எகிறுவது. பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடு, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட வலது முன்பகுதியில் பற்கள் வேலை செய்பவரை விட்டு முன்னோக்கியும் இடப்புறமாகவும் ஓடுகின்றன. அந்தப் பகுதியில் ஒரு கருவேலங்கட்டையோ கல்லோ மாட்டினால், எதிர்விசை முழுக் கருவியையும் பின்னாலும் வலப்புறமும் வீசித் தள்ளும். அப்படித் தள்ளப்படும் பிளேடு, அருகில் நிற்பவரின் காலை நோக்கி வட்டமடித்துப் போகும். இடப்பகுதியால், வலமிருந்து இடமாக வீசி வெட்ட வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். தோள் பெல்ட்டும் அகலமான கைப்பிடியும் எடையைச் சுமக்க மட்டும் வைக்கப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். பெல்ட் பூட்டியிருந்தால் கருவி எகிறினாலும் பிளேடு ஓர் எல்லைக்கு மேல் நகர முடியாது. கைப்பிடி பிளேடுக்கும் காலுக்கும் இடையே குறுக்கே நிற்கும். சிறிய வேலைதானே என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையில் தூக்கிப் பிடித்து வெட்டும்போது அந்த எல்லை மறைந்துவிடுகிறது. தீப்பிடித்தாலோ விழுந்தாலோ ஒரே இழுப்பில் கழலும் கொக்கி பெல்ட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

காப்புத் தகடு பற்றி வயலில் எழும் மறுப்பை நேராக எதிர்கொள்ள வேண்டும். ஈரப்புல் அதில் ஒட்டிக்கொள்கிறது, வேலை தாமதமாகிறது, அதனால் கழற்றி வைக்கிறோம் என்கிறார்கள். ஈரப்புல் ஒட்டுவது உண்மை. ஆனால் பிளேடின் இடப்பகுதியில் பற்கள் வேலை செய்பவரை நோக்கி ஓடி வருகின்றன. அங்கே அடிபடும் பொருளின் இயல்பான பாதை அவருடைய கால்களை நோக்கியது. அந்தப் பாதையில் நிற்கும் ஒரே தடை அந்தத் தகடு. நரம்புத் தலைக்கான தகட்டில் ஒரு சிறு கத்தியும் இருக்கிறது. நரம்பு அளவுக்கு மேல் நீண்டால் அது அறுத்துவிடும். தகட்டைக் கழற்றினால் நரம்பு விருப்பம் போல நீளும். 20 சென்டிமீட்டர் 30 ஆனால், சுற்று வேகம் அப்படியே இருக்கும்போது நுனியின் வேகம் ஒன்றரை மடங்கு; பறக்கும் துண்டின் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. காற்றின் தடையும் வேகமாக உயர்வதால் இன்ஜின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், எரிபொருள் கூடும். வேலையைத் துரிதப்படுத்தும் என்று நினைத்துச் செய்த காரியம் இயந்திரத்தின் ஆயுளையே குறைக்கிறது. ஒட்டிய புல்லை அவ்வப்போது இன்ஜினை நிறுத்திவிட்டுச் சுரண்டி எடுக்க ஆகும் சில நிமிடங்கள் அதைவிட மலிவு.

அந்த “நிறுத்திவிட்டு” என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கொடுக்க வேண்டும். இன்ஜினுக்கும் பிளேடுக்கும் இடையே இருப்பது, வேகம் கூடும்போது தானாகப் பிடித்துக்கொள்ளும் மையவிலக்கு கிளட்ச். விசையை விட்டவுடன் இன்ஜின் மெதுவாகும், கிளட்ச் விட்டுவிடும், ஆனால் பிளேடு தன் வேகத்தில் இன்னும் சில நொடிகள் சுற்றும். விசையை விட்ட நிலையிலும் தலை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், கார்புரேட்டரின் ஐடில் திருகை உடனே சரி செய்ய வேண்டும்; அந்த நிலையில் கருவி வேலைக்குத் தகுதியற்றது. சிக்கிய கொடியை எடுப்பதற்கு இன்ஜினை முழுக்க அணைப்பதும் பிளேடு நின்றதைக் கண்ணால் பார்ப்பதும் கட்டாயம். எரிபொருள் ஊற்றும்போதும் அப்படியே: சைலன்சர் ஆறும் வரை காத்திருந்து, ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போய் முடுக்க வேண்டும். பிளேடைப் பிடித்திருக்கும் மரை பெரும்பாலும் இடப்புரி மரை. அது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும். அதனால்தான் பிளேடு சுற்றச் சுற்ற இறுகுகிறது. பழக்கத்தில் வழக்கமான திசையிலேயே முறுக்கி மரையின் புரியைக் கெடுத்துவிட்டால் அந்தக் காப்பும் போய்விடும்.

தூரம் பற்றிய விதியே அதிகம் மீறப்படுவது. கருவியின் மேல் ஒட்டிய குறியும் கையேடுகளும் சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்கின்றன. இருவர் சேர்ந்து வெட்டினாலும் அவர்களுக்கிடையே இதே இடைவெளி வேண்டும். நம் ஊர்ச் சாலையோரத்தில் இது நடக்கக்கூடிய காரியமா என்ற கேள்வி நியாயமானது. இருசக்கர வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் கடப்பார்கள், ஆடு மாடுகள் வரும். ஆனால் விதியைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதால் கல்லின் வேகம் குறைந்துவிடாது. கடினமான இடத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் முடிவு. ஒருவர் வெட்ட, இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று ஆள் வருகையைப் பார்த்து, முன்பே பேசி வைத்த சைகையால் நிறுத்தச் சொல்லலாம். சாலைப் பக்கம் தார்ப்பாயோ வலையோ கட்டிய சட்டத்தை நகர்த்திக்கொண்டே போகலாம். கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சாலை விளிம்பில் பிளேடைத் தவிர்த்து நரம்பை மட்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டுவதற்கு முன் அந்த இடத்தை நடந்து பார்த்துக் கல், பாட்டில், கம்பி, துணி ஆகியவற்றைப் பொறுக்கிவிடலாம். பொறுக்கியெடுத்த கல் யார் கண்ணையும் தேடிப் பறக்காது. கவனத்துக்கு இந்த வேலையில் உண்மையான இடம் இதுதான்: நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குள் எதுவும் செய்ய முடியாத கண்ணுக்கு, முடுக்குவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் நிறையச் செய்ய முடியும்.

வெயிலைக் காட்டிச் சொல்லப்படும் மறுப்பும் வெறும் சாக்கு அல்ல. சித்திரை வெயிலில் ஹெல்மெட், முகக்கவசம், தடித்த கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வேலை செய்வது உடலை வாட்டும். வியர்வையில் காகிள்ஸ் ஆவி படிந்து மங்கும். மங்கிய கண்ணோடு பிளேடைப் பிடிப்பதும் ஆபத்தே. இதற்குப் பதில், காப்பைக் கைவிடுவது அல்ல, வேலையின் நேரத்தையும் காப்பின் வகையையும் மாற்றுவது. கம்பி வலையாலான முகக்கவசத்தில் ஆவி படியாது, காற்று போகும். கல்லின் அடியை அது தாங்கும். ஆனால் வலைக்கண்ணைவிடச் சிறிய மணலும் உலோகத் துணுக்கும் அதன் வழியே புகுந்துவிடும். எனவே வலைக்குள்ளே பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் தேவை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறும் முன் நிறுத்துவதும், இடையிடையே நிழலில் கழற்றி வைத்து நீர் குடிப்பதும் வேலையின் பகுதியாகக் கணக்கிடப்பட வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்பும் வெயிலுக்கு இதம் என்பது சரி. வேகமாகச் சுற்றும் வெட்டுத் தலையில் தொங்கும் துணி சுற்றிக்கொண்டால் அந்த இதத்துக்கு விலை காலாக இருக்கும்.

“பத்து வருஷமாக வெட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது” என்ற வாதம் எல்லாவற்றிலும் வலுவானது, ஏனென்றால் அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அதன் பலவீனம் கணிதத்தில் இருக்கிறது. ஒரு நாள் வேலையில் கடுமையாக அடிபடும் வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று என்று, விளக்கத்துக்காக மட்டும், ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 நாள் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஓர் ஆண்டு முழுவதும் கீறலின்றித் தப்பிவிடுவார்கள். தங்கள் பழக்கம் சரியானது என்று உறுதியும் கொள்வார்கள். ஐந்தாண்டு முடிவில் கீறல்படாதவர்கள் ஏழு பேரில் ஒருவர் அளவே எஞ்சுவார்கள். அந்த ஒருவர் மற்றவர்களைவிடத் திறமையானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது ஒருவர் எஞ்சித்தான் ஆக வேண்டும். அடிபட்டவர்கள் தொழிலை விட்டுப் போய்விடுவதால், களத்தில் நாம் சந்தித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சியவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய அனுபவத்தை மட்டும் கேட்டு ஆபத்தை அளந்தால் அளவு குறைவாகவே வரும்.

ஒரே நொடியில் நேரும் காயம் இல்லாமலும் இந்தக் கருவி உடலைக் கெடுக்க முடியும். அங்கேயும் கவனத்தால் பயனில்லை. பெட்ரோல் பிரஷ் கட்டரின் சத்தம் இயக்குபவரின் காதருகே 95 முதல் 100 டெசிபல் வரை இருப்பது வழக்கம். அமெரிக்கத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷின் அளவுகோலின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது இதற்குப் போதாது. காதை முழுதும் மூடும் மஃப் அல்லது நுரையால் ஆன அடைப்பான் வேண்டும். கைப்பிடி வழியாக வரும் அதிர்வு இன்னொரு கேடு. 1918-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இந்தியானா மாநிலத்தில் காற்றழுத்தச் சுத்தியலால் கல் கொத்துவோரின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிமுறை, எட்டு மணி நேரத்துக்கான சராசரியாக நொடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர் என்ற அதிர்வு முடுக்கத்தை எட்டினாலே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. 5 மீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதிர்வு இரு மடங்கானால் வேலை நேரம் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும்: கைப்பிடியில் 5 மீட்டர் அதிர்வு என்றால் இரண்டு மணி நேரத்திலும், 10 மீட்டர் என்றால் அரை மணி நேரத்திலும் முதல் அளவை எட்டிவிடுவோம். மழுங்கிய பிளேடும் ஒருபக்கம் தேய்ந்த பிளேடும் அதிர்வைக் கூட்டும். விரல் வெளுப்பது குளிர்நாட்டு நோய், நமக்கு வராது என்று சொல்வதுண்டு. வெப்ப நாடுகளில் வெளுப்பு அரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் மரத்துப் போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பிடிமானக் குறைவும் இங்கேயும் வரும். வெளுப்பு தெரியாததால் நோய் தெரியாமல் போகிறது என்பதே நமக்குள்ள கூடுதல் ஆபத்து. பேட்டரிக் கருவிகள் சத்தத்தையும் புகையையும் பெரிதும் குறைக்கின்றன, அதிர்வும் பெரும்பாலும் குறைவு. அவற்றை வரவேற்க வேண்டும். நுனியின் வேகமும் பறக்கும் கல்லும் அவற்றிலும் அப்படியே இருப்பதால் முகக்கவசத்துக்கும் தூரத்துக்கும் விலக்கு கிடையாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது, விபத்துக்குப் பிறகு நாம் கேட்கும் முதல் கேள்வியை மாற்ற வேண்டியிருக்கிறது. “ஏன் பார்த்து வெட்டவில்லை?” என்ற கேள்வி பழியை முழுக்கக் கருவியைப் பிடித்தவர் மேல் இறக்குகிறது. இமை மூடக்கூட நேரம் தராத நிகழ்வில் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எதுவும் இருக்க முடியாது. தகடு பூட்டியிருந்ததா, எந்தத் தலை மாட்டியிருந்தது, இடத்தை முன்பே பார்த்தது யார், முகக்கவசம் கொடுத்தது யார், 15 மீட்டரைக் காத்தது யார் என்ற கேள்விகளுக்குப் பதில் உண்டு. அவற்றில் பல, கூலிக்கு வெட்டுபவரின் கையில் இல்லாதவை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித் துரிதப்படுத்துபவர், தகடில்லாத இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுபவர், கருவியை விற்றுக் கவசத்தைக் கூடுதல் செலவு என்று தள்ளுபவர், ஒப்பந்தத்தில் ஆள் கணக்கை மட்டும் எழுதும் அலுவலகம் ஆகிய எல்லோரும் அந்தக் கல் பறப்பதற்கு முன்பே முடிவெடுத்தவர்கள். கவனமாக இரு என்று சொல்வதற்குச் செலவில்லை. அதனால்தான் அதைச் சொல்லி நிறுத்திக்கொள்வது எளிதாக இருக்கிறது. வலைக் கவசம், கண்ணாடி, காது மஃப், பூட்ஸ் ஆகியவற்றை வாடகையோடும் கூலியோடும் சேர்த்தே கொடுப்பதும், காவலுக்கு நிற்கும் இரண்டாவது ஆளின் சம்பளத்தை மதிப்பீட்டில் எழுதுவதும் செலவுள்ள காரியங்கள். ஆனால் நொடிக்கு நூறு சுற்று என்ற வேகத்துக்கு எதிராக வேலை செய்பவை இவை மட்டுமே. வேலைக்கு ஆள் வைப்பவரின் பொறுப்பு, இந்த ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே இன்ஜினை முடுக்க அனுமதிப்பதில் தொடங்குகிறது.